1140-ஆம் எண் வீடு

எங்கள் ஊரில் மொத்தம் தொண்ணூற்றுச் சொச்சம் வீடுகள். என் வீட்டு எண் 1140.

புதுச்சேரியில் இருக்கும் தம்பிக்கு இந்த விலாசத்தை எழுதி அனுப்பியபோது, "என்னண்ணே, கிராமம்னு சொன்ன, அவ்வளவு நீளத் தெருவா?" என்று கேட்டான். தெருவே கிடையாது. இரண்டு பக்கமும் வால்நட் தோப்பு, நடுவில் டிராக்டர் போகிற தடம், தடத்தின் கோடியில் நான். 2022-இல் ஒரு சட்டம் வந்தது. பிரான்சில் எத்தனை சின்ன ஊராட்சியானாலும் எல்லாப் பாதைக்கும் பெயர் வைக்க வேண்டும், எல்லா வீட்டுக்கும் எண் போட வேண்டும். கிராமங்களில் எண்ணை மீட்டர் கணக்கில் போடுகிறார்கள். பாதை தொடங்கும் இடத்திலிருந்து வாசல் 1140 மீட்டர் தள்ளி என்றால் எண் 1140. எனக்கு அடுத்த வீடு 1522. இடையில் உள்ள எண்களில் மாடு மேய்கிறது.

ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் தடுமாறாமல் வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நியாயம்தான். ஆனால் 1982 முதல் 2018 வரை இதே ஊரில் தபால்காரனாக இருந்தவன் நான். அந்தக் காலத்தில் கடிதத்தில் குடும்பப் பெயர் இருக்கும், குடியிருப்பின் பெயர் இருக்கும், ஐந்து இலக்கக் குறியீடு இருக்கும், அவ்வளவுதான். ஒரே குடியிருப்பில் ஒரே குடும்பப் பெயரில் மூன்று வீடுகள். எது யாருக்கு என்பதை உறையின் மேல் உள்ள கையெழுத்தைப் பார்த்தே பிரிப்பேன். ஒரு பேத்தி, "நீல ஜன்னல் வீட்டுப் பாட்டிக்கு" என்று மட்டும் எழுதிப் போட்ட அட்டை மறுநாளே பாட்டி கைக்குப் போனது. இன்று மஞ்சள் வண்டியில் வரும் பையன் 1140-ஐத் தேடிக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, "இதுதானா ஐயா?" என்கிறான். எண் பலகையை நான் இன்னும் மாட்டவில்லை. சோம்பல் என்கிறாள் என் மனைவி.

ஊரின் பெயர் வேண்டாம். தென்மேற்கு பிரான்சில், தொர்தோஞ் மாவட்டத்தின் தெற்கு மூலை, பெர்ஜெராக் நகரத்திலிருந்து அரை மணி நேரம். பழைய ஆட்கள் மாவட்டப் பெயரைச் சொல்லமாட்டார்கள், பெரிகோர் என்பார்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன் இங்கே எப்படி என்றால், எல்லாம் அப்பாவின் கையெழுத்து. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி, புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுத்தார். கடற்கரையைத் தாண்டிப் போயிராத நாங்கள் வீட்டோடு பிரெஞ்சுக்காரர்கள் ஆனோம். 1978-இல் கட்டாய ராணுவ சேவைக்காக வந்தேன், தென்மேற்கில் ஒரு முகாமில் போட்டார்கள், பிறகு தபால் பரீட்சை எழுதினேன்.

அந்த ஒற்றைக் காகிதம் பின்னால் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒருமுறை கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போனபோது, ஓர் அலுவலகத்தில் அப்பா 1962-இல் எழுதிக் கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். மூன்று தடவை அலைந்தேன். அதே வாரம் பக்கத்துப் பண்ணையில் ஒரு கன்று பிறந்தது. ஐரோப்பிய விதிப்படி ஏழு நாளுக்குள் அதன் பிறப்பைப் பதிவு செய்தார்கள், இரண்டு காதிலும் மஞ்சள் அட்டை குத்தினார்கள், அதன் பெயரில் ஒரு பாஸ்போர்ட் தபாலில் வந்தது. ஆம், மாட்டுக்கு அந்தக் காகிதத்தின் பெயரே பாஸ்போர்ட்தான். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அது வைக்கோலில் படுத்து என்னைப் பார்த்தது.

1984-இல் கல்யாணம். பெண் வீட்டார் பரம்பரை விவசாயிகள். கறுப்பாக ஒருவன் வந்து நிற்கிறானே என்று ஊர் பார்த்ததா என்றால், பார்த்தது. ஆனால் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்து வந்து வாழ்க்கைப்பட்ட பக்கத்து வீட்டு அம்மாளையும் நாற்பது வருஷமாக 'வெளியூர்க்காரி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரனில் சின்ன வெளியூர், பெரிய வெளியூர் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. வருங்கால மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "பன்றி சாப்பிடுவாரா?" சாப்பிடுவேன் என்றதும் பேச்சு முடிந்தது.

அந்தக் கேள்வியின் கனம் ஜனவரியில்தான் தெரிந்தது. ஒரு வருஷம் வளர்த்த பன்றியை அறுக்கும் நாள் பொங்கலும் கல்யாணமும் சேர்ந்த மாதிரி. விடியற்காலையில் அக்கம்பக்கத்து ஆண்கள் வந்துவிடுவார்கள். பெண்கள் ரத்தம் உறையாமல் கையால் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். காது முதல் குளம்பு வரை எதுவும் வீணாகாது. அன்று மாலை ரத்த சாஸேஜும் ஒரு துண்டு இறைச்சியும் தட்டில் மூடி ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். பள்ளி ஆசிரியருக்கு ஒன்று, பாதிரியாருக்கு ஒன்று. தபால்காரனுக்கும் உண்டு என்பதால், மாமனார் வீட்டுப் பன்றி தவிர ஊர்ப் பன்றி அத்தனையிலும் எனக்குப் பங்கு. இதில் நான் எதிர்பாராதது ஒன்று: மாதவிலக்கான பெண்கள் உப்புத் தொட்டிப் பக்கம் வரக்கூடாது, வந்தால் இறைச்சி கெட்டுப்போகும். ஊறுகாய் ஜாடிக்கு எங்கள் ஆத்தா சொன்ன அதே சட்டம். கடல் தாண்டி எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தும் தீட்டு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

இன்றைக்கும் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் அறுக்கத் தடை இல்லை. பன்றி வளர்க்கத்தான் ஆள் இல்லை.

மாமனாரைப் பற்றிச் சொல்வதானால் பழச்சாராயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் தபால்காரர்கள் வீடு வீடாகக் காலண்டர் கொண்டுபோவோம். பூனைக்குட்டிப் படம், குதிரைப் படம், மலைப் படம் என்று விரித்துக் காட்டினால் அவரவருக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு, மனசுக்குத் தோன்றிய பணத்தைக் கையில் வைப்பார்கள். விலை கிடையாது. பணத்தோடு ஒரு சின்னக் கிளாஸும் வரும். அதில் ப்ளம் பழத்தில் வடித்த சாராயம். நிறம் தண்ணீர், குணம் தீ. வேண்டாம் என்றால் அவமரியாதை. காலையில் எட்டு வீடு முடிவதற்குள் குதிரைப் படமும் பூனைப் படமும் எனக்கு ஒன்றாகிவிடும். வண்டியை ஒரு மேட்டில் நிறுத்திவிட்டு நடந்தே போன டிசம்பர்கள் உண்டு.

இந்தச் சாராயம் கள்ளச்சாராயம் அல்ல. பழமரம் வைத்திருப்பவர் வருஷத்துக்குப் பத்து லிட்டர் சுத்த ஆல்கஹால் அளவுக்கு, அதாவது ஐம்பது டிகிரியில் இருபது லிட்டர், வரியில்லாமல் வடித்துக்கொள்ளும் உரிமை அது. வடிக்கும் பானை சக்கரத்தில் ஏறி ஊர் ஊராக வரும். எங்கள் ஊரில் துணி துவைக்கும் கல்தொட்டிப் பக்கம் நிற்கும், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டுமே. செம்புக் கொப்பரை, நெளிந்த குழாய், புளித்த பழத்தின் வாடை, கையைக் குழாயடியில் நீட்டி நக்கிப் பார்க்கும் கிழவர்கள். வடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு சீட்டு எழுத வேண்டும்: எவ்வளவு, எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குள். வரி அதிகாரிகளுக்கு இங்கே பட்டப்பெயர் 'நிலவறை எலிகள்'.

இந்த உரிமைக்குக் கை வைத்தவர்களில் ஒருவர் 1954-இல் பிரதமராக இருந்த பியேர் மெந்தெஸ் பிரான்ஸ். நாடு குடித்துக் கெடுகிறது என்று பள்ளிக்கூடங்களில் பால் கொடுக்கச் சொன்னார், தாமே எல்லார் முன்னாலும் பால் குடித்துக் காட்டினார். அவர் போட்ட சண்டை 1960-இல் ஒரு சட்டத்தில் முடிந்தது. உரிமை உள்ளவர்கள் சாகும் வரை வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்குப் போகாது. அதே மெந்தெஸ் பிரான்ஸ் ஆட்சியில்தான் 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியும் இந்தியாவின் கைக்குப் போனது. இதை நான் வாய் தவறி மாமனாரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் துக்க வீட்டுப் பங்காளியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். "உங்க ஊரையும் கொடுத்தான், எங்க கொப்பரையையும் பிடுங்கினான் மாப்பிள்ளை" என்று சொல்லி இன்னொரு கிளாஸ் ஊற்றுவார். எங்கள் ஊர் போனதில் எனக்கு வருத்தமில்லை என்று விளக்க எத்தனையோ தடவை முயன்றேன். கிளாஸ் காலியாக இருந்தால்தானே விளக்க முடியும்.

2001-இல் அவர் போனார். உரிமை சட்டப்படி விதவையான மாமியாருக்கு வந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர். அந்த வருஷம் ஊரில் உள்ள ஆண்கள் அவர் உடல்நிலையைப் பற்றி விசாரித்த மாதிரி பிறகு எந்த டாக்டரும் விசாரித்ததில்லை.

விசாரிப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தனியாக இருக்கும் கிழவிகள் வீட்டில் காபி குடிப்பது என் வேலையில் எழுதாத பகுதி. விறகு இருக்கிறதா, மாத்திரை போட்டாரா, நேற்று மூடிய ஷட்டரை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீடு. 2017-இல் இதற்கே ஒரு சந்தா வந்தது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் மாதப் பணம் கட்டினால் தபால்காரர் போய்ப் பெற்றோரைப் பார்த்துப் பேசிவிட்டு, பார்த்தாயிற்று என்று கைப்பேசியில் பதிவு போடுவார். கெட்ட யோசனை இல்லை, வேறு யார் போகிறார்கள்? ஆனால் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் ஒரு பாட்டி என்னிடம் கேட்டது சங்கடமாக இருந்தது. "இத்தனை வருஷம் குடிச்ச காபிக்கு நான் உங்களுக்குக் கொடுக்கணுமா, நீங்க எனக்குக் கொடுக்கணுமா?"

காலண்டரில் பாட்டிகள் முதலில் பார்ப்பது பிறையை, பிறகு புனிதர்களை. மே 11, 12, 13 மூன்று நாளும் 'பனிப் புனிதர்கள்' நாள்: மாமேர், பங்க்ராஸ், செர்வே. அவர்கள் போகும்வரை மாமியார் தக்காளி நாற்று நடமாட்டார். பிற்காலத்தில் காலண்டரைத் திருத்தியபோது இந்த மூன்று பெயரையும் எடுத்துவிட்டு வேறு புனிதர்களைப் போட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் நான் புதுக் காலண்டரை நம்பி ஏப்ரலிலேயே நட்டேன். பனி பழைய பஞ்சாங்கத்தைத்தான் வைத்திருந்தது.

பால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் மாமனார் கல்லறையில் புரண்டு படுப்பார். பாலைப் பெருக்கு என்று சொல்லிக் கடன் கொடுத்தார்கள், அவர் குளிர்த்தொட்டி வாங்கினார். 1984-இல் ஐரோப்பா பால் அளவுக்குக் கட்டுப்பாடு போட்டது, கறப்பதை நிறுத்துகிறவர்களுக்குப் பணம் தருவதாகவும் சொன்னது. பதினான்கு பசுவையும் விற்றார். "ஒரே வருஷத்துல பொண்ணையும் கொடுத்தேன், மாட்டையும் கொடுத்தேன்" என்பார். எதற்கு அதிகம் அழுதார் என்று என் மனைவி இன்றுவரை கேட்கவில்லை. 2015-இல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அதற்குள் கறப்பதற்கு ஆள் இல்லை. 1970-இல் நாடு முழுக்க ஏறக்குறைய 16 லட்சம் பண்ணைகள், 2020 கணக்கெடுப்பில் 3.9 லட்சம். எங்கள் ஊரில் கறப்பது ஒரே பண்ணை, அங்கேயும் கறப்பது ரோபோ.

வேலிக் கதையும் அப்படித்தான். எழுபதுகளில் சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்று சேர்க்கிறோம் என்று புல்டோசர் வந்தது. முள்ளும் ஹேசல் புதரும் ஓக்கும் கலந்த உயிர்வேலிகளை வேரோடு பிடுங்கினார்கள். வேண்டாம் என்று சொன்னவன் பட்டிக்காட்டான். இப்போது மண் அரிக்கிறது, பறவை இல்லை என்று 2023-இல் அரசு ஒரு திட்டம் போட்டது: 2030-க்குள் 50,000 கிலோமீட்டர் வேலி கூட வேண்டும். மைத்துனர் மகன் மானியம் வாங்கி நடுகிறான். எந்த இடத்தில், எந்தச் செடி என்று வரைபடத்தோடு ஒரு நிபுணர் வந்தார். மாமியார் கைத்தடியால் தரையில் ஒரு கோடு கிழித்தார். "இங்கதான் இருந்துச்சு." அங்கேயேதான் நட்டார்கள்.

இதற்கிடையில் ஆங்கிலேயர்கள் வந்தார்கள். பெரிகோரின் காலிப் பண்ணைகளை வாங்கிப் புதுப்பித்துக் குடியேறினார்கள். பக்கத்தில் உள்ள எய்மே என்ற சிற்றூரில் கிரிக்கெட் கிளப்பே இருக்கிறது. ஒரு நாள் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்கள் இந்தியாவாமே, சுழலா, வேகமா?" என்று ஆவலோடு கேட்டார். நான் வளர்ந்தது புதுச்சேரியில், எனக்குத் தெரிந்தது இரும்புக் குண்டு எறியும் பெத்தாங்க் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பின்னால் நின்ற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மட்டும் என் தோளில் தட்டினார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக நான் உள்ளூர்க்காரன் ஆனேன், ஓர் ஆங்கிலேயர் தயவில்.

நகரத்திலிருந்து அமைதி தேடி வந்தவர்களில் சிலருக்குக் கோயில் மணி தொல்லையாக இருந்தது. எங்கள் மணி ஒவ்வொரு மணி நேரத்தையும் இரண்டு தடவை அடிக்கும். வயலில் இருப்பவன் முதல் தடவை எண்ணத் தவறினால் இரண்டாம் தடவை எண்ணிக்கொள்ளட்டும் என்று. வயலில் ஆள் இல்லை, படுக்கையில்தான் ஆள் என்பது அவர்கள் வாதம். ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் மேல் கூவியதற்காகவே வழக்குப் போட்டு, 2019-இல் சேவல் பக்கம் தீர்ப்பானது. 2021-இல் கிராமத்து ஒலிகளும் வாசனைகளும் பாரம்பரியச் சொத்து என்று நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. சாணி நாற்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று மாமியாரிடம் சொன்னேன். "மாடு எங்கே?" என்று கேட்டார்.

போன குளிர்காலத்தில் ஊர் மண்டபத்தில் ஒரு 'பழங்கால மாலைப்பொழுது' நடத்தினார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு யூரோ. நான் வந்த புதிதில் இதற்குப் பெயரே கிடையாது. குளிர்கால இரவில் அக்கம்பக்கத்தார் யார் வீட்டு அடுப்படியிலாவது கூடுவார்கள். மடியில் தட்டைக் கல், கையில் சின்ன மரச் சுத்தி, ஆளுக்கு ஒரு கூடை வால்நட். உடைக்க உடைக்கப் பேச்சு. பருப்பு விற்பனைக்கு, ஓடு அடுப்புக்கு, பேச்சு மறுநாள் தபால்காரனுக்கு. தொலைக்காட்சிப் பெட்டி வந்ததும் நாற்காலிகள் திசை மாறிக்கொண்டன. பெரிகோர் வால்நட்டுக்கு 2002-இல் பிறப்பிட முத்திரை கிடைத்தது. உடைப்பது இயந்திரம்.

மண்டபத்தில் உடைத்துக் காட்ட ஆள் தேடினார்கள். தெரிந்த பெண்கள் மூட்டுவலிக்காரர்கள், அல்லது கல்லறையில். கடைசியில் என்னிடம் வந்தார்கள். மாமியார் சொல்லிக்கொடுத்ததுதான்: நிமிர்த்திப் பிடி, மேல் முனையில் ஒரே தட்டு, பலமாக அல்ல, கடன் கேட்க வந்தவன் கதவைத் தட்டுவது போல. ஓடு பிரியும், பருப்பு இரண்டு பாதியாக முழுசாக வரும். ஐம்பது பேர் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பிறகு சூப் வந்தது. தட்டில் இரண்டு வாய் மிச்சம் வைத்து, அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, தட்டைத் தூக்கி அப்படியே குடிப்பதுதான் ஷப்ரோ. கையில் ரசம் வாங்கிக் குடித்துப் பழகியவனுக்கு இது பாடமே இல்லை. நான் குடித்ததும் கைதட்டினார்கள். பாரிஸிலிருந்து வந்த ஓர் அம்மாள், "பரம்பரையாக இந்தப் பக்கமா?" என்று கேட்டார். பரம்பரையாக முத்தியால்பேட்டை என்றேன். அது எந்தப் பள்ளத்தாக்கு என்று கேட்டார்.

மாமியாரிடம் இரண்டு பிடிவாதம். ஒன்று ரொட்டி. மேசையில் ரொட்டி தலைகீழாகக் கிடந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அதைத் திருப்பி வைப்பார். கொலைத்தண்டனை நிறைவேற்றுகிறவனுக்கு உரிய ரொட்டியைத்தான் அந்தக் காலத்தில் ரொட்டிக்கடைக்காரர் கவிழ்த்து வைப்பாராம். புது ரொட்டியை அறுக்கும் முன் கத்தி முனையால் அடியில் சிலுவை போடுவார். எங்கள் ஊர் ரொட்டிக்கடை மூடி, இப்போது அந்த வாசலில் ஓர் இயந்திரம் நிற்கிறது. காசு போட்டால் பாகெத் விழும். 2022-இல் பாகெத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்த செய்தியை வானொலியில் கேட்டபோது அவர், "அந்தக் குச்சிக்கா?" என்றார். அவருக்கு ரொட்டி என்றால் ஒரு வாரம் தாங்கும் உருண்டை.

இன்னொன்று மொழி. அவர் பிறந்த வீட்டில் பேசியது ஒக்சித்தான். அவர் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் அதைப் பேசிய குழந்தையின் கையில் ஆசிரியர் ஒரு மரத்துண்டைக் கொடுப்பாராம். அது அடுத்துப் பேசி மாட்டுகிறவன் கைக்கு மாற வேண்டும். சாயங்காலம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அடி. நாலாம் வகுப்பில் பத்து நாள் தொடர்ந்து தன் கையிலேயே இருந்தது என்று மாமியார் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார். தன் பிள்ளைகளிடம் அதை ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டிடமும் நாயிடமும் மட்டும் பேசுவார். இப்போது என் பேரன் அதைப் பள்ளியில் பாடமாகப் படிக்கிறான், மதிப்பெண் உண்டு. ஊர் எல்லையில் பிரெஞ்சுப் பலகைக்குக் கீழே ஒக்சித்தானில் இன்னொரு பலகையும் மாட்டினார்கள்.

2024 ஜனவரியில் மாமியாரை பெர்ஜெராக்கில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவருக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. விவசாயிகள் போராட்டம் நடந்த நேரம். நாடே தலைகீழாக நடக்கிறது என்று காட்டுவதற்காக ஊர்ப் பெயர்ப் பலகைகளைக் கழற்றிக் கவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பலகையைக் கவிழ்த்தவன் மைத்துனர் மகன். ஏணியைப் பிடித்தவர் யார் என்பதை நான் சொல்லமாட்டேன், அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவர்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். நிறுத்தினேன். தடியை ஊன்றி இறங்கிப் போய், கவிழ்ந்த பலகையைத் தாங்கும் கம்பத்தில் கட்டை விரலால் ஒரு சிலுவை போட்டார். திரும்பி வருவார் என்று பார்த்தேன், வரவில்லை. கீழ்ப் பலகையைக் கவிழ்க்க அவர்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது, அது நேராகவே இருந்தது. தொண்ணூற்றிரண்டு வருஷம் பேசிய மொழியை அவர் ஒரு தடவையும் எழுத்தில் படித்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உதடு அசைய ஊர்ப் பெயரைப் படித்தார். காரில் வந்து உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"தப்பா எழுதியிருக்கான்" என்றார். "போங்க, டாக்டருக்கு நேரமாச்சு."